மோட்டார்தான் மாத்தி

1

நான் செத்துப்போய் இந்தத் தைப்பூசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் தோட்டத்தில் ஒருவரும் அதை மறக்கவில்லை. நேற்றுக் காலை மருந்துக்கு வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை, கொயினாக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, "போன வருசம் இந்தத் தைப்பூசத்துக்குத்தானுங்களே ஐயா நீங்க செத்தது?" என்று கேட்டாள். கேலியில்லை, மனம் வருந்தித்தான் கேட்டாள். "குடிம்மா, ஆறினா இன்னும் கசக்கும்" என்றேன்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களிலும் இதே பேச்சுதான். என் தமையனார் எழுதுகிறார்: "கப்பலேறினாய், பொறுத்துக்கொண்டோம். பெண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு போனாய், அதையும் பொறுத்துக்கொண்டோம். காலை ஒடித்த சனியனை மறுபடியும் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாயாமே, உனக்குப் புத்தி பிசகிவிட்டதா?" மைத்துனன், ஒன்றுவிட்ட சித்தப்பா, கூடப் படித்த நண்பன் என்று ஆளுக்கொரு கடிதம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம். படிக்காமல் திட்ட வேண்டாம்.

இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலாய் நாட்டில், ஜொகூர் சீமையில் பாலோ என்று ஒரு சின்ன ரயில் ஸ்டேஷன். அங்கிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே தள்ளி எங்கள் ரப்பர்த் தோட்டம். நான் இங்கே டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை குளுவாங்கிலிருந்து காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வராத நாளிலெல்லாம் காய்ச்சல், பிரசவம், வெட்டுக்காயம், பாம்புக்கடி எல்லாம் என் தலையில். தோட்டம் மூன்று டிவிஷனாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்துவிடும், வேர்வையிலோ மழையிலோ.

2

தமையனார் சொல்கிற சனியன் என் மோட்டார்; மோட்டார் என்று நாங்கள் சொல்வது மோட்டார் சைக்கிளை. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு சின்னத் துரை விட்டுச் சென்றதை நான் வாங்கினேன். "எதற்காக வாங்கினாய்?" என்று கேட்கிறவர்களிடம் மூன்று டிவிஷன், மருந்துப் பெட்டி, அவசரக் கேஸ் என்றெல்லாம் சொல்லி வந்தேன். எல்லாம் நிஜந்தான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், மழை கொட்டினாலும் சரி. கூலிக்காரர்கள் மட்டுமல்ல, கணக்கெழுதும் கிராணி, வாத்தியார், டிரெஸ்ஸர் எல்லோருக்கும் இதே மரியாதைதான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் இறங்காமல் போனவன் மறுநாள் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறான், நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் நாம் ஊருக்கு எழுதுவதில்லை. டிரெஸ்ஸர் உத்தியோகம், ஓட்டுக்கூரை போட்ட வீடு என்று எழுதுவோம்.

மோட்டார் வாங்கிய புதிதில் ஒரு நாள் குறுகலான மண்பாதையில் துரையின் கார் எதிரே வந்தது. பழக்கத்தில் சட்டென்று இறங்கிவிட்டேன். இன்ஜின் அணைந்துவிட்டது. பிறகு உதைக்கிறேன், உதைக்கிறேன், கிளம்பினால்தானே! பாதையை அடைத்துக்கொண்டு நான். காருக்குள் வெந்துகொண்டு துரை. கடைசியில் அவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "டிரெஸ்ஸர்! நீ இனிமே எறங்காதே! போ, போ, போயிக்கிட்டே இரு!" துரைமார் தமிழ் பேசுவார்கள். ஆனால் அவர்கள் கற்ற தமிழில் 'நீங்கள்' என்ற சொல் கிடையாது.

அன்று முதல் நான் இறங்கவில்லை. துரை கார் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கித் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் இறங்க வேண்டியிராத ஒரே இடம் அந்த ஆசனம்தான். தமையனாருக்கு இது புரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் அவர் யாருக்கும் இறங்கியதில்லை.

3

விழுந்த கதைக்கு வருகிறேன். கடைசி டிவிஷனுக்குப் போகிற வழியில் ஒரு சிற்றாறு. அதன்மேல் பலகைப் பாலம். வண்டி போகிற திசையிலேயே பலகைகளை நீளவாக்கில் போட்டிருக்கும். மழை விடாமல் பெய்து பலகையெல்லாம் பாசி. முன்சக்கரம் இரண்டு பலகைகளுக்கு நடுவே இறங்கியது. வண்டியும் நானும் ஆற்றில் கிடந்தோம். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. தொழில் அப்படி.

பாலத்துக்குப் பக்கத்தில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் இருக்கிற பாக் ஒஸ்மான் என்ற மலாய்க்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டுக்கடியில் பாயில் கிடத்தினார். இங்கே மலாய்க்காரர் வீடுகள் கால்மேல் நிற்கும், அடியில் நிழலாக இருக்கும். நான் சொல்லச் சொல்லப் பாக்கு மரப் பட்டையை வைத்துக் காலைக் கட்டினார். பிறகு தோட்டத்துக்குச் சேதி சொல்லச் சைக்கிளை எடுத்தார்.

நான் அவரைக் கூப்பிட்டு, "காயம் என்று சொல்ல வேண்டாம். வீட்டில் பயந்துவிடுவார்கள். மோட்டார் மாத்தி, லாரி அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னால் போதும்" என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொல்லி அனுப்பினேன். மலாய் பாஷையில் இன்ஜின் நின்றாலும் மாத்தி, விளக்கு அணைந்தாலும் மாத்தி. மனிதன் செத்தாலும் அதே மாத்திதான். என் மனைவி மரகதம் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். இதற்காக என்னைக் குற்றம் சொல்லாத ஆள் இந்தத் தோட்டத்தில் இல்லை. அந்த இடத்தில் அவர்கள் இருந்திருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பார்களாம்?

பாக் ஒஸ்மான் நேரே போய்ச் சேர்ந்தது வீரமுத்துக் கங்காணியிடம். இந்த நாட்டுக்கு வந்து நரைத்தவர் அவர். மலாய் தண்ணீர் பட்ட பாடு என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆட்டுக்கும் கோழிக்கும் விலை பேசிக் கற்ற மலாய். ஆடும் கோழியும் மாத்தி ஆவது அவருக்குத் தெரியும். மோட்டாரும் மாத்தி ஆகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"துவான் டிரெஸ்ஸர் பூஞா மோட்டார் சுடா மாத்தி. மிந்தா லோரி சாத்து" என்றிருக்கிறார் பாக் ஒஸ்மான். டிரெஸ்ஸருடைய மோட்டார் நின்றுவிட்டது, ஒரு லாரி வேண்டும். அவ்வளவுதான்.

கங்காணி காதில் விழுந்தது டிரெஸ்ஸர், மோட்டார், மாத்தி, லாரி. நாலையும் கோர்த்துப் பார்த்தால் என்ன வரும்? மோட்டாரில் போன டிரெஸ்ஸர் செத்துவிட்டார், பிணத்தை எடுக்க லாரி வேண்டும். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டதாம். இருந்தாலும் பொறுப்புள்ளவர், ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டிருக்கிறார்.

"மாத்தி?"

"மாத்தி."

"பெத்துல் மாத்தி?" நிஜமாகவே மாத்தியா என்று.

"பெத்துல். சுடா மாசோக் ஆயேர்." நிஜந்தான், தண்ணீர் புகுந்துவிட்டது என்று பாவம், அவர் இன்ஜினைச் சொல்லியிருக்கிறார்.

"ஐயோ, நம்ம டிரெஸ்ஸர் ஐயா தண்ணியில விழுந்து செத்துட்டாருங்கோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு கங்காணி கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் ஓடினார். பாக் ஒஸ்மான் திகைத்து நின்றிருக்கிறார். ஒரு மோட்டார் நின்றதற்குத் தமிழர்கள் இப்படி அழுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிற்பாடு என்னிடம் அவரே சொன்னார்.

4

ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு வழக்கம். இங்கே ஒரே லயத்தில் எத்தனையோ ஜில்லாக்காரர்கள். சாவு விழுந்தால் யார் முதலில் ஓடி வருகிறார்களோ அவர்கள் வழக்கம்தான் நடக்கும். எங்கள் பக்கத்தில் வளையல் உடைப்பதெல்லாம் பத்தாம் நாள். அன்று முதலில் ஓடி வந்தவர்களின் பக்கத்தில் சேதி வந்த உடனேயாம்.

மரகதம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அழுதுகொண்டு உள்ளே நுழைந்த இரண்டு பெண்கள், அவளுக்கு என்ன ஏது என்று விளங்குவதற்கு முன்னால் இரண்டு கையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதிவிட்டார்கள். பொங்கலுக்கென்று போட்ட புது வளையல், பச்சைக் கண்ணாடி. களைந்த அரிசிக்குள்ளேயே சில்லு விழுந்தது. அடுத்துத் தாலிக்குக் கையை நீட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் அவளுக்குச் சுரணை வந்திருக்கிறது. தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "மொகத்த பாக்காம குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். யார் பிரித்தும் அந்தக் கை பிரியவில்லையாம்.

இந்தப் பக்கம் லாரி, பாயும் கோடித் துணியுமாகப் பாலத்துக்கு வந்தது. நான் பாக் ஒஸ்மான் வீட்டுக்கடியில் சாய்ந்தபடி, அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். லாரியிலிருந்து குதித்த கங்காணி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி லாரியில் ஏறிக்கொண்டார். "ஐயா, நீங்களா?" என்று மேலிருந்தே கேட்டார். "நான்தான்யா, இறங்கி வந்து தூக்கு" என்றேன். வலியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, இவர் என் கால் தரையில் படுகிறதா என்று பார்க்கிறார்!

லாரி தோட்டத்துக்குள் நுழையும்போது தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் கண் மங்கிய ஒரு கிழவர் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். அவர் கையை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். இன்று இதைச் சொல்லி எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னால் இன்னும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

மரகதம் வாசலுக்கு வந்தாள். அழவில்லை. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"காலு?"

"ஒடிஞ்சிருக்கு."

"கையி?"

"தோள்ல ஒரு எலும்பு. சரியாயிடும்."

அப்போதுதான் தாலியை விட்டாள். உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது. உள்ளே போய்ச் சில்லு விழுந்த அரிசியைக் கொட்டிவிட்டு, வேறு அரிசி அளந்து உலை வைத்தாள். அன்று மொட்டையான கைகள் மொட்டையாகவே இருந்தன.

5

கட்டு அவிழ்க்கிற வரை படுத்துக் கிடந்தேன். அந்த நாட்களில் தோட்டத்தின் பெரிய மனிதர்கள் எல்லோரும் என் வாழ்க்கையைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டார்கள். செத்துப் பிழைத்தவனின் மிச்ச ஆயுசு ஊர்ப் பொதுச்சொத்து போலிருக்கிறது. "இனிமே அந்தச் சனியன் பக்கம் தலவச்சிப் படுக்காதீங்க ஐயா" என்றார் கங்காணி. தவறாகச் சேதி சொன்ன வாய் என்ற கூச்சம் கொஞ்சமாவது உண்டா? வாத்தியார் வந்து நிலையாமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். போகும்போது மோட்டாரை விற்பதாயிருந்தால் தனக்குச் சொல்லும்படி காதோடு கேட்டுக்கொண்டு போனார்.

என் மகள் கமலிக்கு மட்டும் இது வேடிக்கை. துரை பங்களாவில் தோட்ட வேலை பார்க்கும் ஜாவாக்காரரின் பிள்ளைகளோடு விளையாடி அவளுக்கு மலாய் மடமடவென்று வரும். "லம்பு மாத்தி, அப்பி மாத்தி, எல்லாம்தான் மாத்தி லா, அப்பா. கங்காணித் தாத்தாக்கு அது கூடத் தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தாள். விளக்கை லம்பு என்கிறாள், தீயை அப்பி என்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் சொல்லு என்று அதட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழ்ல மோட்டார் எப்படிப்பா சாவும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. போய்ப் பாடம் எழுது என்று விரட்டினேன்.

மரகதம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். கட்டு அவிழ்த்த அன்று நான் வளையல் பேச்சை எடுத்தேன்.

"அந்த வண்டி தோட்டத்த விட்டுப் போகட்டும். மறுநா நான் வளையல் போடறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க கைய யாரும் புடிச்சு மோதல."

புருஷன் இருக்கும்போதே மொட்டைக் கையோடு நடமாடுகிறவளை யார் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவார்கள்? லயத்தில் ஒரு வளைகாப்பு நடந்தது. பிரசவம் பார்க்கப்போகிறவன் நான். என் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் அழைப்பு. மரகதம் அன்று கதவைச் சாத்திக்கொண்டு கமலியின் பாவாடைக்கு விளிம்பு தைத்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழைக்காதவர்கள்மேல், கங்காணிமேல், ஒரே சொல்லில் இத்தனையையும் அடக்கிய மலாய் பாஷைமேல். அவள்மேலும்தான்.

மோட்டாரை விட்டுவிடலாம் என்றுகூட ஒரு சமயம் மனசைத் தேற்றிக்கொண்டேன். பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். அன்றைக்கே துரையின் கார் எதிரே வந்தது. இறங்கினேன். இடது கால் ஊன்றினால் இன்னும் நடுங்கும். ஒரு கையால் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஏதோ காகிதத்தைப் படித்துக்கொண்டு போனார். கார் போன பிறகு சைக்கிளில் ஏறப் பார்த்தால் கால் எழவில்லை. மருந்துப் பெட்டியோடு தள்ளிக்கொண்டே நடந்தேன். அடுத்த டிவிஷன் வரை எனக்குள் ஒரே நினைப்புத்தான்: என் மோட்டார் எங்கே?

மோட்டார் ஓட்டலாமா என்று துரையைக் கேட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஓட்டு என்றார். டாக்டர் அடுத்த மாதம் வந்தார். காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சுகம், ஆனால் தோட்டத்து ஆள் எவனானாலும் முதலில் அந்தத் தோட்டத்து டிரெஸ்ஸர் சுகமென்று எழுத வேண்டும், அதன்மேல்தான் தன் கையெழுத்து என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நானே எழுதி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அங்கே பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்கு நீரே சுகம் எண்டு எழுதேலாது, காணும்."

"அப்ப யாரு எழுதணும்?"

"டிரெஸ்ஸர்."

"நான்தானே டிரெஸ்ஸர்?"

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன். கடைசியில் பக்கத்துத் தோட்டத்து டிரெஸ்ஸர், மலையாளி, நல்ல மனுஷன், எழுதிக் கொடுத்தார். அதற்கும் டாக்டர் மறுபடி வருகிற மாதம்வரை காத்திருந்தேன். ஒரு கையெழுத்துக்கு எலும்பு கூடுவதைவிட அதிக நாள் பிடித்தது.

6

மோட்டார் பாக் ஒஸ்மான் வீட்டுக்கடியிலேயே சாக்குப் போர்த்திக் கிடந்தது. ஆற்றிலிருந்து தூக்கி, துடைத்து, எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தார். ஆசனத்தில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. குஞ்சு பொரிக்கிற வரை அவர் அதை எழுப்பமாட்டேன் என்று சொல்ல, அதற்கும் காத்திருந்தேன். இந்த உலகத்தில் என்னை மோட்டாரில் ஏறாதே என்று சொல்லாத ஒரே மனிதர் அவர். "மோட்டார் தாடா சாலா. ஜம்பாத்தான் சாலா" என்றார். குற்றம் வண்டிமேல் இல்லை, பாலத்தின்மேல் என்று அர்த்தம். என்மேலும் இல்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சொன்னதோடு நிற்காமல், பாலத்தில் பலகைகளைக் குறுக்குவாட்டில் அடித்தும் வைத்திருந்தார்.

பாலோவிலிருந்து சீன மெக்கானிக் வந்து இன்ஜினைப் பிரித்துப் பூட்டினார். உதைத்தேன். கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது பயம். கைப்பிடி வேர்வையில் வழுக்கியது. ஒரு ரப்பர் நிரை தாண்டுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தினேன். மூன்றாவது தடவைதான் காற்று முகத்தில் அடித்து, மரங்கள் வரிசை வரிசையாக ஓட ஆரம்பித்தன. அப்போது அழுதேன். தலையில் சோலா தொப்பி. அதைக் கீழே இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன், இங்கே யாருக்கும் தெரியாது. அந்தப் பாலம் வந்தால் நான் இறங்கிவிடுகிறேன். புதுப் பலகை, குறுக்குப் பலகை, எல்லாம் சரி. ஆனாலும் இறங்கி, மோட்டாரைத் தள்ளிக்கொண்டு கடந்து, அக்கரையில் ஏறிக்கொள்கிறேன். துரைக்கு இறங்காதவன் நாலு பலகைக்கு இறங்குகிறேன். பாக் ஒஸ்மான் பார்ப்பார். கையை மட்டும் ஆட்டுவார்.

7

மோட்டாரோடு வீட்டுக்கு வந்த அன்று மரகதம் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையாவது போட்டிருக்கலாம். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மொட்டைக் கையால் மோர் ஊற்றினாள். நான் மறுநாள் பாலோவுக்குப் போய், அதே பச்சையில் கண்ணாடி வளையல் வாங்கி, வைக்கோலில் பொதிந்து, மோட்டாரிலேயே கொண்டுவந்தேன். அலமாரியில் வைத்தேன். கெஞ்சவில்லை; எனக்கும் ரோஷம் உண்டு.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன், அவள் கையில் வளையல். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று எனக்கு இரண்டு மடங்கு சோறு இறங்கியது. தமையனாருக்குக்கூட, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று எழுதிப் போட்டேன்.

சரியாகவில்லை. கமலிதான் போட்டு உடைத்தாள். "நீங்க மோட்டார ஒதைச்சதும் அம்மா கழட்டி மங்குக் கிண்ணத்துல போட்டுருவாங்கப்பா. திரும்பி வர்ற சத்தம் கேட்டாத்தான் போடுவாங்க."

நான் நம்பவில்லை. மறுநாள் காலை மோட்டாரைக் கிளப்பி, ஓடவிட்டபடியே சமையல்கட்டு ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். இன்ஜின் சத்தத்தில் நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. எண்ணெய் தடவிய கையைக் குவித்து, ஒவ்வொன்றாக, கீறாமல், மிகவும் பொறுமையாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். எண்ணெய்க் கையைத் துடைத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

"என்ன இது?" என்றேன்.

அவள் திடுக்கிடக்கூட இல்லை. "ஒடைக்க வர்றவங்களுக்கு எதுக்கு வேல வைக்கணும்?"

"தெனமுமா?"

"நீங்க தெனமும்தானே போறீங்க?"

அதற்குப் பிறகு இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவள் என்னைத் தடுப்பதில்லை. மோட்டாரை விற்கச் சொல்வதுமில்லை. ஒவ்வொரு காலையும் நான் உதைக்கிற உதைக்கு அவள் வளையலைக் கழற்றுகிறாள், அவ்வளவுதான். பார்த்தால் ஒன்றுமில்லாத காரியம். ஆனால் மூன்று டிவிஷன் சுற்றுகிற நேரமெல்லாம் வீட்டில் அவள் கை மொட்டையாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைக்கிறேன். குறைக்கிறேனே என்று எரிச்சலும் வருகிறது. காற்று முகத்தில் அடிக்கும்போது பழைய சந்தோஷம் பாதிதான் வருகிறது, மீதிப் பாதி மங்குக் கிண்ணத்தில் கிடக்கிறது. இவள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மனசு லேசாகப் போயிருப்பேன். இதற்கு என்னத்தைக் கத்துவது?

நேற்று, அந்த வருஷ நாளில், திரும்பி வருகிறேன். தூறல். வீட்டுக்குக் கீழே சாலை ஒரு வளைவு வளையும். மேலே மேட்டில் எங்கள் சமையல்கட்டு ஜன்னல். வளைவுக்குள் திரும்புகிற நேரம் இன்ஜினில் தண்ணீர் புகுந்து, இருமி, நின்றுவிட்டது. எங்கும் ஒரே நிசப்தம். வருகிற சத்தம் பாதியில் அறுந்தது மேலே கேட்டிருக்கும் என்று எனக்கு உடனே உறைத்தது. அவள் கிண்ணத்தில் கையை வைத்தபடி நின்றிருப்பாள்.

"மரகதம்!" என்று கத்தினேன். "மோட்டார்தான்! மோட்டார்தான் மாத்தி!"

கத்தின பிறகுதான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போன வருஷம் ஒடிந்த காலோடு கிடந்தபோது நான் சொல்லி அனுப்பியதும் இதே வார்த்தைதான். அவள் இதை எப்படி நம்புவாள்?

தூறல் ரப்பர் இலையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜன்னலிலிருந்து அவள் குரல்.

"காலு?"

"காலு நல்லாருக்கு!"

"கையி?"

"கையும் நல்லாருக்கு! ரெண்டும் நல்லாருக்கு!"

அப்புறம் கண்ணாடியில் கண்ணாடி படுகிற சத்தம், ஒன்று, அதன்மேல் இன்னொன்று. கடைசி வளையலும் ஏறுகிற வரை மழையில் அப்படியே நின்றேன். பிறகுதான் மோட்டாரை மேட்டுக்குத் தள்ள ஆரம்பித்தேன்.